முதனை எங்கே இருக்கிறது?

‘ஜெய் பீம்’ பற்றி ஒரு சூர்யா ரசிகரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். 2021 நவம்பர் 2ஆம் தேதி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், அமேசான் பிரைமில் வந்தது என்பார். ஐஎம்டிபியில் 9.6 வாங்கி ‘ஷாஷாங்க் ரிடெம்ப்ஷ’னையே பின்னுக்குத் தள்ளியது என்பார். ஆஸ்கர் அகாடமியின் யூடியூப் சேனலில் படத்தின் காட்சி ஏறியதைச் சொல்வார். 2023இல் தேசிய விருதுப் பட்டியல் வந்தபோது ஒரு விருதுகூட இல்லாமல் போனதற்கு இன்றைக்கும் கொதிப்பார். சப்-இன்ஸ்பெக்டர் குருமூர்த்தியாக வந்து நம் வயிற்றெரிச்சலை எல்லாம் வாங்கிக்கொண்ட தமிழ்தான் ‘டாணாக்காரன்’ படத்தின் இயக்குநர் என்பதும், செங்கேணியாக நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்துக்காரர் என்பதும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். பிரகாஷ்ராஜ் இந்தியில் பேசியவரை அறைந்த காட்சிக்காக வடக்கே எத்தனை பேர் கூப்பாடு போட்டார்கள் என்பதை உற்சாகமாக விவரிப்பார்.

இவ்வளவும் தெரிந்த பலருக்கு முதனை எங்கே இருக்கிறது என்று தெரியாது. கடலூர் மாவட்டத்துக்காரர்களுக்கே தெரியாது. விருத்தாசலத்துக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட ஊர். ராஜாக்கண்ணுவின் ஊர்.

ரசிகர்களைக் கேலி செய்வதற்காக இதை எழுதவில்லை. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போவோம். படகு அலையாத்திக் காட்டுக்குள் திரும்பும் இடத்தில் ‘இங்கதான் எம்.ஜி.ஆர். இதயக்கனி எடுத்தாரு’ என்று சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. 1975இல் வந்த படம். அதே காட்டின் ஓரத்தில், கிள்ளை பக்கம், எம்.ஜி.ஆர். நகர் என்றே ஓர் இருளர் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ளவர்கள் வலையும் படகும் இல்லாத காலத்தில் தண்ணீரில் குந்தி, கையால் தடவி இறால் பிடித்தவர்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு இருப்பார்கள். படகில் வரும் விருந்தாளிகளிடம் இந்த இரண்டாவது தகவலை யாரும் சொல்வதில்லை. முதல் தகவலைச் சொல்லாதவர் இல்லை.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு படத்தைப் பற்றி நாம் எந்தத் துணுக்கைச் சுமந்து திரிகிறோம், எதைக் கீழே போட்டுவிடுகிறோம் என்பதில் சாதி வேலை செய்கிறது. சினிமாத் துணுக்கு என்றால் பொழுதுபோக்குதானே என்று முற்போக்குத் தோழர்கள் அதைச் சட்டை செய்வதில்லை. ‘ஜெய் பீம்’ வந்தபோது எதிர்த் தரப்பு அப்படி இருக்கவில்லை. அவர்கள் ஒரு காலண்டரைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கதை பலருக்கு நினைவிருக்கும். சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுச் சுவரில் அக்னி குண்டம் போட்ட காலண்டர் சில நொடிகள் தெரிகிறது. அது வன்னியர்களின் சின்னம் என்று எதிர்ப்பு கிளம்பியதும் படக்குழு அதை நீக்கி லட்சுமி படம் போட்ட காலண்டரை வைத்தது. அத்தோடு முடியவில்லை. அன்புமணி ராமதாஸ் சூர்யாவுக்குக் கடிதம் எழுதினார். சூர்யா பதில் எழுதினார். வன்னியர் சங்கம் 5 கோடி ரூபாய் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. இயக்குநர் த.செ.ஞானவேல் வருத்தம் தெரிவித்து அறிக்கை விட்டார். அடுத்த மார்ச்சில் ‘எதற்கும் துணிந்தவன்’ வெளியானபோது, கடலூர் மாவட்டத் தியேட்டர்காரர்களுக்கு அந்தப் படத்தைத் திரையிட வேண்டாம் என்று பா.ம.க. தரப்பிலிருந்து கடிதம் போனது. சூர்யா மீதும் ஞானவேல் மீதும் போடப்பட்ட வழக்கை 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்யும்வரை இழுபறி ஓடியது.

அந்த நாட்களில் வாட்ஸ்அப்பில் சுற்றிய துணுக்குகளில் ஒன்று இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. நிஜ வழக்கில் சம்பந்தப்பட்ட சப்-இன்ஸ்பெக்டரின் பெயர் அந்தோணிசாமி. படத்தில் அதைக் குருமூர்த்தி என்று மாற்றிவிட்டார்கள். ராஜாக்கண்ணு பெயர் அப்படியே இருக்கிறது, சந்துரு பெயர் இருக்கிறது, பெருமாள்சாமி பெயர் இருக்கிறது, இது ஒன்றை மட்டும் ஏன் மாற்ற வேண்டும்? கேள்வி என்ற அளவில் இதில் தப்பில்லை. உண்மைச் சம்பவம் என்று சொல்லி ஒரு படம் வந்தால் எதை மாற்றினார்கள் என்று கேட்கப் பார்வையாளருக்கு உரிமை உண்டு. நம் தரப்பு அதற்குச் சொன்ன பதில்தான் சொதப்பல். ‘சினிமாவை சினிமாவாகப் பாருங்கள்’, ‘ஒரு காலண்டருக்கு இவ்வளவு அலப்பறையா’ என்றோம். சினிமாவை வெறும் சினிமாவாகப் பார்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் என்றைக்கு இருந்தது? அண்ணாவும் கலைஞரும் எம்.ஜி.ஆரும் ஆட்சிக்கு வந்த நாடு இது.

சொல்லியிருக்க வேண்டிய பதில் வேறு. எதை மாற்றினார்கள் என்ற பட்டியலை எடுக்கிறீர்களா, சரி, முழுதாக எடுப்போம் வாருங்கள் என்று அழைத்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்தப் பட்டியலின் முதல் வரியில் வர வேண்டிய மாற்றத்தைப் பற்றி அவர்களும் வாய் திறக்கவில்லை, சூர்யா ரசிகர்களும் திறக்கவில்லை.

ராஜாக்கண்ணு இருளர் இல்லை. குறவர்.

படம் 164 நிமிடம் ஓடுகிறது. அத்தனை நிமிடமும் அவர் இருளராக இருக்கிறார். சில நொடி தெரிந்த காலண்டருக்காக நாடே பேசியது. 164 நிமிட மாற்றம் ஒரு பக்கச் செய்தியாக, ‘உங்களுக்குத் தெரியுமா’ வகையறாவாகக் கடந்து போனது. எங்கள் அடையாளத்தை எடுத்துவிட்டார்களே என்று குறவர் மக்கள் கேட்டதற்கு எத்தனை ஹேஷ்டேக் வந்தது? என் கண்ணில் ஒன்றும் படவில்லை.

இயக்குநர் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். படம் ஒரே வழக்கின் ஆவணம் அல்ல, உண்மைச் சம்பவங்களைத் தழுவிய கதை. இருளர்கள்மீது பொய் வழக்குப் போடுவது வட மாவட்டங்களில் புதிதல்ல. 2011இல் திருக்கோவிலூர் பக்கம் இருளர் பெண்களைப் போலீஸ்காரர்கள் இழுத்துப்போனதாக எழுந்த வழக்கு நம் நினைவில் இருக்கிறது. பழங்குடி இருளர் அறக்கட்டளைக்கு சூர்யா முதலமைச்சர் வழியாக ஒரு கோடி ரூபாய் கொடுத்தார். படம் வந்த அதே வாரத்தில், தீபாவளியன்று, பூஞ்சேரியில் இருளர்களுக்கும் நரிக்குறவர்களுக்கும் அரசு பட்டாவும் சாதிச் சான்றிதழும் வழங்கியது. சிறை வாசலில் விடுதலையாகி வருகிறவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தும் முதல் காட்சியைப் போன்ற ஒன்றைத் தமிழில் ஒரு பெரிய நட்சத்திரப் படம் அதற்கு முன் வைத்ததில்லை. இவை எல்லாம் நல்லவை. இந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்தவர்களில் நானும் ஒருத்தி, இன்றும் பிடிப்பேன்.

ஆனாலும் குறவரை இருளராக மாற்றியதில் ஒரு வசதி இருக்கிறது. இருளர் என்றதும் தமிழ்ப் பார்வையாளர் மனதில் வருவது பாம்பு பிடிக்கிறவர், எலி பிடிக்கிறவர், மூலிகை தெரிந்தவர். வெகுளி. படத்தின் ராஜாக்கண்ணு ஊர்ப் பெரிய வீட்டில் பாம்பு பிடிக்கத்தான் போகிறார். குறவர் என்றதும் என்ன வருகிறது? திருட்டு. இந்த நாற்றம் தானாகப் படிந்ததல்ல. 1871இல் பிரிட்டிஷ் அரசு குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. குறவர்கள் அந்தப் பட்டியலில் அடைக்கப்பட்டார்கள். ஸ்டேஷனில் கைரேகை வைப்பது, ராத்திரி ஊரைவிட்டு வெளியே போகாமல் இருப்பது, எங்கே எது காணாமல் போனாலும் முதலில் இவர்களை அள்ளுவது என்று நாற்பது வருடம் ஓடியது. 1952இல் சட்டத்தை எடுத்தார்கள். போலீஸ் மனதிலிருந்து எடுக்கவில்லை. 1993இல் பக்கத்து ஊரில் நகை காணாமல் போனதும் கம்மாபுரம் போலீஸ் நேராக முதனைக்கு ஏன் வந்தது என்பதற்கு விடை அந்தச் சட்டத்தில் இருக்கிறது. குறவர் என்ற பெயரை எடுத்ததும் வழக்கின் வேரும் சேர்ந்து போய்விட்டது. திருடன் என்று முத்திரை குத்தப்பட்ட சாதியைச் சேர்ந்தவரும் நிரபராதியாக இருக்கலாம் என்று பார்வையாளரை நம்பவைப்பது கடினமான வேலை. வெகுளியான பாம்புபிடிக்காரர் நிரபராதி என்று நம்பவைப்பது அவ்வளவு கடினமில்லை. படம் சுலபமான வேலையை எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து.

தமிழ் சினிமா குறவர்களைத் தொட்டபோதெல்லாம் பாட்டுக்கும் கூத்துக்கும்தான் தொட்டிருக்கிறது. எம்.ஜி.ஆரின் நூறாவது படமான ‘ஒளி விளக்கு’, 1968இல் ஜெமினி எடுத்தது. அதில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நரிக்குறவர் வேஷம் கட்டி ஆடிய ஆட்டத்தைக் கோயில் திருவிழாக்களில் இன்றும் ஆடுகிறார்கள். குறவர் வேறு, நரிக்குறவர் வேறு. பேசும் மொழியே வேறு. சினிமாவுக்கு அந்த வித்தியாசம் ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. திருவிழா மேடைகளில் ‘குறவன் குறத்தி’ ஆட்டம் என்ற பெயரில் நடந்த ஆபாசத்துக்கு எதிராக அந்த மக்கள் பல வருடம் போராடி, 2023இல்தான் அரசு அந்தப் பெயரில் ஆடத் தடை போட்டது. இதையும் துணுக்குக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பகுதியில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடத்துகிறோம். அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பேச்சுப் போட்டி வைத்தால் பிள்ளைகள் ஓடிவிடுவார்கள் என்று ஒரு வருடம் சினிமா வினாடி வினா வைத்தோம். கூட்டம் தாங்கவில்லை. ‘ஜெய் பீம்’ இசையமைப்பாளர் யார் என்றதும் ஷான் ரோல்டன் என்று பத்துக் குரல். சூர்யாவின் கதாபாத்திரம் யாரை வைத்து எழுதப்பட்டது? நீதிபதி சந்துரு. எந்த வருடத்தில் நீதிபதி ஆனார்? ஒரு பையன் 2006 என்று சரியாகச் சொல்லி எங்களை அசத்தினான். நிஜச் சம்பவம் எந்த ஊரில் நடந்தது என்று கேட்டேன். சத்தம் அடங்கிவிட்டது. ஒருவன் மட்டும் தைரியமாக, ‘மதுரை பக்கங்கா’ என்றான். ரத்தம் ஓடும் கதை என்றால் மதுரை என்று சினிமா சொல்லிக்கொடுத்திருக்கிறது, அவன் என்ன செய்வான்?

முதனை என்று நானே சொல்லி, பஸ்ஸில் ஏறினால் எவ்வளவு நேரம் என்றும் சொன்னேன். ராஜாக்கண்ணு குறவர் என்றும் சொன்னேன். கூடை முடையும் வீட்டிலிருந்து வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி முன்வரிசையில் இருந்தாள். ‘அப்ப நம்ம ஆளுங்களாக்கா?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘படத்துல ஏங்க்கா சொல்லல?’

அவளுக்குப் பக்கத்தில் இருந்த பையன் முந்திக்கொண்டான். ‘படத்துல சொன்னா உங்களத் திருடன்னு நெனப்பாங்கல்ல, அதான்.’ அவன் கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு ஆதரவாகத்தான் சொன்னான். நான் மூன்று பத்திகளில் எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான். அவள் அதன்பிறகு ஒரு கேள்விக்கும் கை தூக்கவில்லை.

எனவே ரசிகத் தோழர்களே, இந்தப் படத்தைப் பற்றிப் பேசும்போது சேர்த்துச் சொல்ல நம் மாவட்டத்துத் துணுக்குகள் கொஞ்சம் தருகிறேன். செங்கேணியின் நிஜப் பெயர் பார்வதி. சம்பவம் நடந்த 1993 மார்ச்சில் கடலூர் மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. அது தென்னாற்காடு மாவட்டம், அதே வருடம் செப்டம்பர் 30ஆம் தேதிதான் இரண்டாகப் பிரிந்தது. ராஜாக்கண்ணுவின் உடல் கிடைத்தது மீன்சுருட்டி பக்கத்தில். அன்றைக்கு அது திருச்சி மாவட்டம். ஒரு மாவட்டத்துப் போலீஸ் ஸ்டேஷனில் அடித்துக் கொல்லப்பட்டவர் அடுத்த மாவட்டத்தில் அடையாளம் தெரியாத பிணமாகிறார். வரைபடத்தில் ஒரு கோடு தாண்டினால் கேட்பாரில்லை என்ற கணக்கு. போலீசார் தண்டிக்கப்பட்டு, அந்தத் தண்டனையை 2006இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தபோது பதின்மூன்று வருடம் ஓடியிருந்தது. அந்தப் பகுதி மார்க்சிஸ்ட் கட்சித் தோழர் ஒருவர் வழக்கு முடியாமல் கல்யாணம் செய்வதில்லை என்று இருந்து, முடிந்த பிறகே செய்துகொண்டார். படத்தில் அவர் இல்லை. ரஜிஷா விஜயன் நடித்த முதியோர் கல்வி ஆசிரியையிடம் அவருடைய வேலையில் ஒரு பங்கைக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வக்கீலின் வாதத்திறமை ஜெயித்த கதையாகவே ரசிகர்கள் இதைச் சொல்கிறார்கள். பதின்மூன்று வருடம் கோர்ட்டுக்கும் ஊருக்குமாக நடந்து, விலை போகாமல் நின்ற ஒரு பெண்ணும் பஸ் சார்ஜ் திரட்டிய உள்ளூர்த் தோழர்களும் இல்லாவிட்டால் அந்த வக்கீலின் மேஜைக்கு வழக்கே வந்திருக்காது.

இன்னும் இரண்டு. 1992இல், முதனைக்கு ஒரு வருடம் முன்னால், சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் காவல் நிலையத்தில் நந்தகோபால் என்பவர் காவலில் இறந்தார். அவர் மனைவிக்கு நேர்ந்த கொடுமை அன்று தமிழ்நாட்டையே உலுக்கியது. 2003 ஜூலையில் விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி, முருகேசன் என்ற இரண்டு பேரை, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக, விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். அவள் வன்னியர், அவர் தலித், இன்ஜினியரிங் படித்தவர். பதினெட்டு வருடம் கழித்து, 2021 செப்டம்பர் 24ஆம் தேதி கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அதில் இரண்டு பேர் போலீஸ் அதிகாரிகள். தேதியைக் கவனியுங்கள். ‘ஜெய் பீம்’ வெளியாக அப்போது ஆறு வாரம்கூட இல்லை. அந்த நவம்பரில் மாவட்டமே காலண்டரைப் பற்றிப் பேசியது. தீர்ப்பைப் பற்றிப் பேசியவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

நட்சத்திரத்தின் கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு யாரை வைத்துக் கதை எழுதினார்களோ அவரை மறந்துவிடும் இந்தப் பழக்கத்தை ஓடிடி காலம் கொண்டுவந்ததாக நினைக்க வேண்டாம். சிதம்பரத்தை வைத்து எடுத்த முதல் படங்களிலேயே அது இருக்கிறது. பழைய சினிமாத் துணுக்குப் பிரியர்கள் யாரைக் கேட்டாலும் 1935இல் வந்த ‘பக்த நந்தனா’ரைப் பற்றி ஒரே தகவலைச் சொல்வார்கள்: நந்தனாராக நடித்தவர் ஒரு பெண், கே.பி.சுந்தராம்பாள், அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். கிட்டப்பா இறந்த துக்கத்தில் வெள்ளைப் புடவையோடு ஒதுங்கியிருந்தவரை அந்தத் தொகை சொல்லிக் கூட்டிவந்தார்கள் என்று அடுத்ததாக வரும். இன்னும் விஷயம் தெரிந்தவராக இருந்தால், வேதியர் வேஷம் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் என்பார். 1942இல் ஜெமினி மறுபடி எடுத்தபோது தண்டபாணி தேசிகர் நந்தனார், செருகளத்தூர் சாமா வேதியர் என்று சேர்ப்பார். நந்தனாருக்கு ஒரு லட்சம், ஜெய் பீமுக்கு ஒரு கோடி. ரூபாய்க் கணக்குத் தப்புவதே இல்லை.

அந்த வேதியர் யார் என்று கேட்டிருக்கிறோமா? நாற்பது வேலி நிலத்தில் ஒரே ராத்திரியில் வேலையை முடித்தால் சிதம்பரம் போகலாம் என்று நந்தனிடம் சொல்லும் அந்த ஆண்டை பெரியபுராணத்தில் இல்லை. சேக்கிழார் சொல்லும் நந்தனார், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுக்கிற தொழிலாளி. நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று அவர் தயங்குவதற்குத் தன் பிறப்பைப் பற்றிய நினைப்பே காரணம். ஆண்டையைக் கதைக்குள் கொண்டுவந்தவர் 19ஆம் நூற்றாண்டின் கோபாலகிருஷ்ண பாரதி. தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாட்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர். புராணத்தில் இல்லாததைச் சேர்த்துவிட்டார் என்று அவர்மீது புலவர்களுக்கே கோபம் இருந்தது. முதனை வழக்குக்கு நேர்ந்ததைத் திருப்பிப் போட்டதுபோல இருக்கிறது இது. அங்கே மாற்றம் சாதியின் வேரை மறைத்தது. இங்கே மாற்றம் ஆண்டையின் முகத்தைக் காட்டியது. மாற்றுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை என்பது இப்போது விளங்கும்.

முடிவை மட்டும் சேக்கிழாரும் மாற்றவில்லை, பாரதியும் மாற்றவில்லை, ஜெமினியும் மாற்றவில்லை. நந்தன் நெருப்பில் இறங்கித்தான் தில்லைக்குள் போக வேண்டும். பெரியபுராணத்தில் அவர் தீயிலிருந்து எழுந்து வரும்போது மார்பில் பூணூல் இருக்கும். சுந்தராம்பாளின் சம்பளம் தெரிந்த அளவுக்கு இந்தப் பூணூல் ஊருக்குத் தெரியாது. பறையராகப் போனவர் பறையராகவே உள்ளே நுழைந்தார் என்று சொல்ல ஒரு படத்துக்கும் துணிவு வரவில்லை. அவர் நுழைந்ததாகச் சொல்லப்படும் தெற்கு வாசல் பக்கத்து வழியைச் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள், திறந்துவிடு என்று கேட்டு 2010இல் தீண்டாமை ஒழிப்பு முன்னணி சிதம்பரத்தில் போராட்டம் நடத்தியது. தோழர்கள் கைதானார்கள்.

நந்தனார் பெயரை வைத்து நெருப்பில்லாமல் ஒரு காரியம் செய்தவர் எங்கள் ஊரில் ஒருவர் இருந்தார். சுவாமி சகஜானந்தர். ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர். சுந்தராம்பாள் நந்தனாராக வேஷம் போடுவதற்குப் பத்தொன்பது வருடம் முன்னால், 1916இல், சேரிப் பிள்ளைகளுக்காகச் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் பள்ளிக்கூடம் திறந்தார். பிறகு சட்டமன்றத்துக்கும் போனார். 1959 மே 1ஆம் தேதி இறக்கும்போதும் உறுப்பினர்தான். அந்தப் பள்ளியில் படித்து வெளியே வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கள் படிப்பகத்துக்கு வருகிறார்கள். அடுத்த வினாடி வினாவுக்குக் கேள்வி எழுதி வைத்துவிட்டேன். சம்பளக் கேள்வி ஒன்று இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மீதியில் முதனை, பூணூல், 1916.